மாமாவுக்கு வந்தது காஸ் இல்லை

எங்கள் வட்டக்கச்சிப் பக்கம் நெஞ்சு படபடத்தால் முதல் தீர்ப்பு காஸ்தான். என் மாமனாரும் காலபோகம் முழுக்க இஞ்சி அவித்துக் குடித்தார். வரம்பில் நாலு எட்டு வைத்தால் இளைப்பு, பின்னேரம் கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டல். எல்லாம் காஸ் கணக்கிலேயே போனது.

கையைப் பிடித்துப் பார்த்தால் நாடி தாறுமாறாக ஓடியது. கிளிநொச்சியில் ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் பிப்ரிலேஷன். நிமிடத்துக்கு 140 துடிப்பு. எக்கோ என்ற இதய ஸ்கானில், இடது கீழறை தன்னிடமுள்ள இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளுவது 30 வீதம்தான். 55க்குக் குறையக்கூடாதாம். கிளினிக் கொப்பியில் இதயத் தசை நோய் என்று எழுதினார்கள்.

மாமா விடவில்லை. "டொக்டர், தசை பழுதானதாலையோ துடிப்புக் குழம்பினது, துடிப்புக் குழம்பினதாலையோ தசை பழுதானது?"

"அதைத்தான் ஐயா நானும் யோசிக்கிறன். முதல்ல வேகத்தைக் குறைச்சுப் பாப்பம்."

இரண்டும் நடக்கக்கூடியதுதான். வீங்கிய, தடித்த அல்லது தழும்பு விழுந்த தசையில் மின்னோட்டம் வழிமாறும். சிலருக்கு அது திடீர் மரணம்வரை கொண்டுபோகும். மறுபக்கம், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஓய்வில்லாமல் வேகமாக அடித்தால் நல்ல தசையும் களைத்து, அறை பெருத்துவிடும். கீழறையிலிருந்து இடையிடையே வரும் மேலதிகத் துடிப்புகளும் இதைச் செய்யும். ஒன்றிரண்டுக்குப் பயமில்லை, நாளுக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் துடிப்பில் பத்திலொரு பங்கைத் தாண்டினால்தான் சந்தேகப்படுவார்கள். அதை எண்ணத்தான் துடிப்பைப் பதியும் ஹோல்டர் என்ற சின்னக் கருவியை 24 மணிநேரம் கட்டிவிடுவது.

துடிப்பு வேகத்தைக் குறைக்கும் பைசோபிரோலோல் குளிசையோடு மாமாவின் நாடி எண்பதுக்குள் வந்தது. சில மாதம் கழித்து எடுத்த எக்கோவில் 50 வீதம். சரி, துடிப்புத்தான் தசையைக் கெடுத்திருக்கிறது. இந்த வகை திரும்பக்கூடியது என்பதை எனக்கு முன்பு யாரும் சொன்னதில்லை.

உடனே மாமா குளிசையை நிறுத்தக் கேட்டார். டொக்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். பழைய வேகம் திரும்பினால் தசை முந்தியதைவிடக் கெதியாக விழுமாம். அப்புறம், கட்டிபட்ட இரத்தம் மூளைக்குப் போகாமலிருக்க வோபரின் வேறு. அதற்கு ஐஎன்ஆர், அதாவது இரத்தம் உறைய எடுக்கும் நேரம், பார்க்க பஸ் ஏறிப் போய்வருகிறார். கீரை வோபரினின் வேலையைக் குறைக்கும், ஆனாலும் நிறுத்தவேண்டாம், எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும் என்று டொக்டர் சொன்னதை மாமிதான் இன்னும் நம்பவில்லை. முருங்கையிலைச் சுண்டல் எங்களுக்கு மட்டும்.