வாவிக்கரைக்கு ஏற்றபடி ஒரு மடக்குக் கத்தி

லண்டனில் இருக்கும் மச்சான் போன தடவை ஊருக்கு வந்தபோது, விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டிக்குள் வைத்து எனக்கென்று கொண்டுவந்த கத்தி இது. ஒபினெல் எட்டாம் நம்பர். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் என்பவர் 1890இல் செய்யத் தொடங்கியது. வடிவம் இன்றைக்கும் அதிகம் மாறவில்லை. அலகு எட்டரை சென்ரிமீற்றர், பிடி பீச் மரம், எடை 45 கிராம் அளவில்தான். அலகில் இரண்டு வகை உண்டு. ஒன்று கறள் பிடிக்காத ஸ்டெயின்லெஸ், மற்றது கார்பன் உருக்கு. எனக்கு வந்தது கார்பன். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் மட்டக்களப்புக் கல்லடியில் அதை வைத்திருப்பது லேசான காரியமில்லை. இந்தக் குறிப்பில் பெரும்பகுதி அந்தப் பாடுதான்.

மச்சான் தரும்போது சொன்னது வேறு. "ராவில படுவான்கரைப் பக்கமெல்லாம் போய் வாறாய், சேட் பொக்கற்றுக்க வச்சிரு, ஒரு பாதுகாப்புக்கு." படுவான்கரை என்றால் வாவிக்கு மேற்கே உள்ள கரை. அவருடைய அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் கத்தியைக் கையில் வைத்துக் கொஞ்சம் யோசித்தால் அந்த எண்ணம் நிற்காது. திறக்க இரண்டு கை வேண்டும். நகத்தைக் கொடுத்து அலகை இழுத்து, பிறகு கழுத்திலுள்ள வளையத்தைத் திருப்பிப் பூட்ட வேண்டும். கை முன்னால் வழுக்கி அலகுக்குப் போகாமல் மறிக்கும் தடுப்பு எதுவும் பிடியில் கிடையாது. வியர்த்த கையோடு அவசரத்தில் பிடித்தால் முதலில் வெட்டுப்படுவது நம் விரல். அதோடு, எட்டரை சென்ரிமீற்றர் அலகு எட்டுகிற தூரத்துக்கு ஒருவன் வந்துவிட்டான் என்றால் அவன் கைக்கும் அந்தக் கத்தி எட்டும். இரவுப் பாதையில் எனக்கு உதவுவது நல்ல டோர்ச், சார்ஜ் உள்ள போன், வழியில் எந்த வீட்டில் ஆள் விழித்திருக்கும் என்ற விபரம். வெல்லாவெளிப் பக்கம் யானை இறங்கும் காலத்தில் அந்த நேரத்துக்கு அந்தப் பாதையால் போகாமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

ஆகவே நான் இதில் செய்த ஒவ்வொரு மாற்றமும் கத்தியை ஆயுதம் என்ற பக்கத்திலிருந்து தோணிக்காரனின் சாமான் என்ற பக்கத்துக்கு நகர்த்தியது. அப்படி நகர்த்திய ஒவ்வொரு முறையும் கத்தி இன்னும் நல்ல கத்தியாகியது. இதை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

முதலில் கைவைத்தது முனையில். வந்தபடி இருந்த முனை நல்ல கூர். மீன் குடல் எடுக்க அது வசதி என்று சிலர் சொல்வார்கள், ஆனால் எனக்கு வேலை வலையோடு. ஆடுகிற தோணியில் குந்திக்கொண்டு, வலையில் சிக்கிய முள்ளுச்செடியையோ அறுந்த நைலோன் நூலையோ வெட்டும்போது கூர்முனை பக்கத்துக் கண்ணியில் குத்தி இழுத்துவிடும். சில நேரம் உள்ளங்கையிலும் ஏறும். முனையை உருட்டுவது என்று முடிவெடுத்தேன். அந்தக் கம்பெனியே சிறுவருக்கென்று முனை உருட்டிய ஏழாம் நம்பர் ஒன்று விற்கிறது. கப்பற்காரர்களும் மீட்புப் பணியில் இருப்பவர்களும் மொட்டை முனைக் கத்தியைத்தான் விரும்பி வைத்திருப்பார்கள்.

இதற்குப் பட்டறைக்குப் போய் மோட்டார்ச் சாணையில் பிடித்தால் ஒரு நிமிட வேலை. நான் போகவில்லை. மெல்லிய அலகின் நுனி மோட்டாரில் மிக வேகமாகச் சூடேறும். உருக்கில் நீல நிறம் படர்ந்தால் சூடு 300 பாகை செல்சியசுக்குக் கிட்டப் போய்விட்டது என்று அர்த்தம். உருக்கைக் கடினமாக்கிய தோய்ச்சல் போய்விடும், அந்த இடம் மென்மையாகிப் பிறகு கூர் நிற்காது. அதனால் முற்றத்தில் சாணைக்கல்லின் சொரசொரப்புப் பக்கத்தைத் தண்ணீரில் நனைத்து வைத்து, மார்க்கர் பேனையால் கோடு போட்டு, முதுகிலிருந்து கூர்ப்பக்கத்தை நோக்கி வளைவாகக் கையாலேயே தேய்த்தேன். தோள் வலித்தது. ஆனாலும் வளைவு எங்கே போகிறது என்று ஒவ்வொரு தேய்ப்பிலும் கண்ணால் பார்க்க முடிந்தது, அது மோட்டாரில் கிடைக்காது. கூர் வைக்கும் கோணம் பக்கத்துக்கு 20 பாகை அளவில் பிடிக்கிறேன். அதற்கும் சின்னக் கோணம் வைத்தால் தக்காளி அழகாக வெட்டுப்படும், ஆனால் நண்டுக் கால் ஒன்றை வெட்டியவுடன் கூர் மடங்கிவிடும்.

அடுத்தது நிறம். கார்பன் உருக்கு வைத்திருப்பவர்கள் அலகை வேண்டுமென்றே கறுக்க வைப்பார்கள். சிவப்புக் கறள் செதில் செதிலாகக் கழன்று உள்ளே உள்ளே தின்றுகொண்டு போகும். கறுப்புப் படை அப்படியில்லை, மேலே ஒட்டி நின்று கறளின் வேகத்தைக் குறைக்கும். நான் முதலில் புளியில் தொடங்கினேன், வீட்டில் எப்போதும் இருப்பதால். கெட்டியாகக் கரைத்த புளிக்குள் அலகை விட்டுவைத்தால் சாம்பல் நிறம் வந்தது, ஆனால் திட்டுத் திட்டாக. சக்கை ஒட்டிய இடத்தில் ஒரு நிறம், ஒட்டாத இடத்தில் இன்னொன்று. அதைச் சான்ட் பேப்பரால் எடுத்துவிட்டுத் தேயிலைக்குப் போனேன்.

தேயிலைதான் சரியான வழி என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். பாத்திரம் கழுவும் சோப்பால் அலகை நன்றாகத் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் எடுக்க வேண்டும். விரல் படக்கூடாது, பட்ட இடத்தில் ரேகை அப்படியே நிறமில்லாமல் நின்றுவிடும். பால் இல்லாத தேத்தண்ணியை நான்கு பேருக்குப் போடுகிற தூளை ஒருவருக்குப் போடுவதுபோல் சாயமாக ஊற்றி, கொஞ்சம் வினாகிரி விட்டு, உயரமான கிளாசில் அலகு மட்டும் தாழும்படி கட்டித் தொங்கவிட்டேன். மரப்பிடி தண்ணீரில் படவே கூடாது. வினாகிரி இரும்பைக் கொஞ்சம் கரைக்க, தேயிலையிலுள்ள துவர்ப்புச் சத்து அந்த இரும்போடு சேர்ந்து நீலங்கலந்த கறுப்பாகப் படிகிறது. கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே சங்கதிதான். ராமுழுக்க விட்டு எடுத்துக் கழுவினேன். நல்ல மழைமுகில் நிறம், ஒரே சீராக.

இதைக் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நைலோன் வாறதுக்கு முன்னம் எங்கட வாப்பா ஆக்கள் மரப்பட்டை அவிச்சுத்தான் வலைக்குச் சாயம் போடுறவங்க மனே. பஞ்சு நூல் உளுத்துப் போகாம நிக்கும்" என்றார். காத்தான்குடிக்காரர். நூலுக்குப் பட்டையின் துவர்ப்பு, அலகுக்குத் தேயிலையின் துவர்ப்பு. அவர் சொன்னதைக் கேட்டபிறகு இந்த வேலையில் எனக்கு இன்னும் பற்று வந்தது.

கறுப்புப் படை இருக்கிறது என்று அலகை உப்புத் தண்ணீரோடு விட்டுவிட முடியாது. கோடையில் முகத்துவாரத்துக்குக் கிட்ட வாவித் தண்ணீர் நல்ல உப்பு. கரைக்கு வந்ததும் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, துடைத்து, வெயிலில் காட்டி, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டுப் பூச வேண்டும். சாப்பாட்டுச் சாமான் வெட்டுகிற கத்திக்கு மெஷின் ஒயில் போட எனக்கு மனமில்லை. மாரி விடியற்காலையில் சிலநேரம் எண்ணெய் லேசாக உறைந்து வெள்ளையாகத் தெரியும், அதனால் பாதகமில்லை.

அலகைவிட அதிகம் மெனக்கெட வைத்தது பிடி. பீச் மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதும். இங்கே ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மழை பிடித்தால் சுவரே வியர்க்கிற ஊர். பிடியின் நடுவிலுள்ள பிளவு இறுகி, அலகு உள்ளே போனது வெளியே வர மறுத்துவிட்டது. பிடியின் பின்பக்கத்தை மேசை ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் எழும்பும். அதைப் பிடித்து இழுக்கலாம். சவோய்க்காரர்களே காலங்காலமாகச் செய்கிற வித்தை இது. ஆனால் தோணியில் மேசை எங்கே?

இதற்கு வைத்தியம் இரண்டு கட்டமாகச் செய்தேன். கச்சான் காற்று அடிக்கும் காலம் வரை காத்திருந்தேன், ஆடி மாதத்து அந்தச் சுடுகாற்றில் மரம் நன்றாகக் காய்ந்து சுருங்கும். வளையத்தைக் கழற்றி, சான்ட் பேப்பரை இரண்டாக மடித்து பிளவின் இரண்டு கன்னத்திலும் கொஞ்சங் கொஞ்சமாகத் தேய்த்து இடம் விட்டேன். கூடத் தேய்த்தால் அலகு ஆடத் தொடங்கும், ஆகவே தேய்ப்பதும் மடித்துப் பார்ப்பதுமாகப் போக வேண்டும். பிறகு எண்ணெய். மரத்துக்குத் தேங்காயெண்ணெய் வேண்டாம். அது காய்ந்து இறுகுகிற எண்ணெய் இல்லை, உள்ளே கிடந்து காறிப்போகும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு இறுகும். லின்சீட் ஒயில் என்று கேட்டால் பெயின்ட் விற்கும் ஹாட்வெயார்க் கடைகளில் தருவார்கள், ஆனால் அங்கே பெரும்பாலும் கிடைப்பது விரைவாகக் காய மருந்து கலந்த வகை. கலக்காததாகத் தேடி வாங்கினேன். மெல்லியதாகப் பூசி, துடைத்து, சில நாள் விட்டு, திரும்பவும் பூசி. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயப்போட்டு அல்லது தண்ணீரில் நனைத்துத்தான் எறிய வேண்டும். கடைசியாக அலகு சுழலும் இடத்தில் தேன்மெழுகை உருக்கிச் சொட்டவிட்டேன். அடுத்த மாரியில் அலகு கொஞ்சம் இறுகியதே தவிரச் சிக்கவில்லை.

அந்த வளையம் 1955இல் சேர்க்கப்பட்டது. முதலில் திறந்த அலகைப் பூட்ட மட்டும். 2000க்குப் பிறகு வந்தவற்றில் மடித்தபடியும் பூட்டலாம். எனக்கு இரண்டாவதுதான் பெரிய உபகாரம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கத்தி தண்ணீரில் விழுந்தால் தாழ்ந்துவிடும். பிடியின் வாலில் துளை போட்டு, செம்மஞ்சள் நிற வலைக்கயிறு கோத்து, பழைய வலையிலிருந்து எடுத்த சின்ன மிதப்பு ஒன்றைக் கட்டினேன். கொஞ்சம் பெருத்த தோற்றம் வந்துவிட்டது, ஆனால் தூரத்திலிருந்தே கண்ணில் படும். கத்தி ஒளிந்திருக்கக் கூடாது என்பதும் என் எண்ணம். உறை பி.வி.சி. குழாயில் செய்தேன். குழாய்த் துண்டை நெடுக வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் விட்டால் வளைகிற பதத்துக்கு இளகும். பொலித்தீனில் சுற்றிய கத்தியின் மேல் வைத்து, தடித்த துணியால் அழுத்திப் பிடித்து, பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். அடுப்பு நெருப்பில் நேரே காட்டக்கூடாது, கருகினால் வருகிற புகை நெஞ்சுக்குக் கூடாது. அடியில் தண்ணீர் வடிய ஓட்டை விட்டேன். இந்த உறையைத் தோணியின் குறுக்குப் பலகையிலேயே திருகி வைத்திருக்கிறேன், இடுப்பில் கட்டுவதில்லை.

ஏன் இடுப்பில் இல்லை என்று மச்சான் போனில் கேட்டார். பொது இடத்தில் கூர்முனைக் கத்தி கொண்டு திரிவதைக் கட்டுப்படுத்த வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இலங்கையில் கத்திகளுக்கென்று ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது. பொலிஸ் மறித்தால் கையிலிருக்கும் வேலைதான் நமக்குச் சாட்சி. வலையும் மீன்கூடையும் பக்கத்தில் இருந்தால் ஒரு கதை, பஸ் ஸ்டாண்டில் வெறுங்கையோடு நிற்கும்போது பொக்கற்றிலிருந்து வந்தால் வேறு கதை. அவர் இருக்கும் ஊரிலேயே 1988இல் வந்த சட்டப்படி, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்திக்குத்தான் சலுகை. இந்த எட்டாம் நம்பர் நீளத்திலும் மிஞ்சும், பூட்டும் உண்டு. காரணமில்லாமல் அங்கே அவராலேயே கொண்டு திரிய முடியாத சாமான் இது. தற்காப்புக்கு என்ற பதில் அங்கே எடுபடாது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சியோன் தேவாலயம் 2019 ஏப்ரல் 21இல் தாக்கப்பட்ட ஊர் இது. அதற்கு முன்பு எத்தனை வருடம் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டினோம். மாமாங்கக் கோயில் தேரில், சந்தையில், பள்ளிக்கூட வாசலில் ஒருவன் பையிலிருந்து கத்தி வெளியே வந்தால் பக்கத்தில் பிள்ளையோடு நிற்கும் தாய்க்கு என்ன தோன்றும்? என் மன ஆறுதலுக்காக அவரைப் பயப்படுத்த எனக்கு உரிமை இல்லை. கத்தி தோணியில், தோட்டத்தில், குசினியில் என் கையோடு இருக்கும். கரையேறி நகரப் பக்கமான புளியந்தீவுக்குப் போகிறேன் என்றால் வீட்டில் இருக்கும்.

இப்போது மிச்சமிருப்பது பிடியை மாற்றும் வேலை. பழைய வீடொன்று உடைத்தபோது நிலையிலிருந்து விழுந்த முதிரை மரத்துண்டு ஒன்றைத் தச்சு வேலை செய்யும் தம்பி ஒருவர் தந்தார். நல்ல வைரம், மஞ்சள் ஓடிய ரேகை, பீச்சைவிடக் கனம். வருடக்கணக்காகக் காய்ந்த மரமாகையால் மாரியில் குறைவாகத்தான் ஊதும் என்று எதிர்பார்க்கிறேன். சிக்கல், அலகு மடங்கும் பிளவை இவ்வளவு கடின மரத்தில் நேராக வெட்டுவது. கைவாளால் முடியாது, அவருடைய மேசை வாளில்தான் பார்க்க வேண்டும். அலகைப் பிடித்திருக்கும் ஆணியையும் துளைத்து எடுத்துப் புது ஆணி அடிக்க வேண்டும். முதலில் வேப்பங்கட்டையில் ஒரு மாதிரி செய்து பிளவின் அகலத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் முதிரையில் கைவைப்பேன். இரண்டு பிடியையும் ஒரே மழைக்காலத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது எவ்வளவு இறுகுகிறது என்று எழுதுகிறேன்.