கணக்குச் சேர் கீறிய கோடு

எங்கள் கணக்கு ஆசிரியர், கணக்குச் சேர், காலமாகிவிட்டார் என்று ஊரிலிருந்து செய்தி வந்துவிட்டது. இந்த ஆண்டு மலரில் அவரைப் பற்றி யாராவது எழுதத்தான் வேண்டும். பெயர் சொல்லத் தேவையில்லை. வேப்பமரத்தடி மண்டபத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்த எவருக்கும் ஆளைத் தெரியும். அவருடைய சைக்கிளையும் வெள்ளை வேட்டியையும் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். அவர் படிப்பித்த கணக்கை நான் எழுதுகிறேன். லண்டனிலும் டொரன்டோவிலும் எங்கள் பிள்ளைகள் இன்றைக்கும் அதே கணக்கின் முன்னால்தான் பென்சிலோடு இருக்கிறார்கள். சேர் அதைச் சொல்லித் தந்த முறை மட்டும் எங்கள் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

இலங்கையின் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் காலத்தில் கிராமத்துப் பிள்ளைகளை மத்திய கல்லூரிகளுக்கு எடுக்கத் தொடங்கியதுதான் எங்கள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை. மொத்தப் புள்ளி 200. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். ஒரு புள்ளி குறைந்தாலும் பட்டியலில் பெயர் வராது. அந்த ஒரு புள்ளி எங்கே போகிறது என்று சேருக்கு நன்றாகத் தெரியும். வரிசைக் கணக்கிலும் எண்ணும் கணக்கிலும் பிள்ளைகள் விடுகிற பிழை பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். விடை 24 என்றால் 25 எழுதுவார்கள், இல்லாவிட்டால் 23. கூட்டல் கழித்தல் தெரியாமல் வருகிற பிழை இல்லை இது. யாரோ ஒரு ஆளை இரண்டு தரம் எண்ணியிருப்பார்கள், அல்லது எண்ணாமலே விட்டிருப்பார்கள். ஆகையால் எந்தக் கணக்கைக் கொண்டுபோனாலும் சேரின் முதற் கேள்வி மாறாது: "பிள்ளை, ஆர் ரெண்டு தரம் எண்ணுப்பட்டது? ஆர் விடுபட்டது?"

அடிப்படைக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். வரிசையில் கவிதா முன்னிருந்து 9ஆவது, பின்னிருந்து 16ஆவது. வரிசையில் எத்தனை பேர்? சேர் அடிமட்டம் எடுக்க விடமாட்டார். கையால் ஒரு கோடு கீற வேண்டும். இடது முனையில் 'மு', வலது முனையில் 'பி'. கவிதாவுக்கு ஒரு புள்ளி. புள்ளிக்கு மேலே 9, கீழே 16. அதற்குப் பிறகு கோட்டை மூன்று துண்டாகப் பார்க்க வேண்டும்: கவிதாவுக்கு முன்னே 8 பேர், பின்னே 15 பேர், நடுவில் அவள் ஒருத்தி. 8, 15, 1 சேர்ந்தால் 24. "இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழி" என்ற சூத்திரத்தை அவர் பல கிழமைகளுக்குக் கரும்பலகையில் எழுதவே மாட்டார். 9இலும் கவிதா இருக்கிறாள், 16இலும் இருக்கிறாள், அதனால்தான் ஒன்று கழிகிறது என்று பிள்ளை தானாகச் சொன்ன பிறகுதான் எழுதுவார்.

திருப்பிக் கேட்டாலும் அதே கோடுதான். 40 பேர் உள்ள வகுப்பில் மேலிருந்து 13ஆவது நிலை என்றால் கீழிருந்து எத்தனையாவது? 40இலிருந்து 13ஐக் கழித்தால் வருகிற 27, அவனுக்குக் கீழே இருக்கிறவர்களின் தொகை. அவனையும் சேர்த்தால்தான் இடம் கிடைக்கும்: 28ஆவது. இங்கே ஒன்று கூடுகிறது, முந்திய கணக்கில் ஒன்று குறைந்தது. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை இந்த இடத்தில்தான் தடுமாறும். அப்படிச் சந்தேகம் வந்தால் மூன்று பேரை மட்டும் நிறுத்திப் பார்க்கச் சொல்வார். மூன்று பேரில் நடு ஆள் முன்னிருந்தும் 2, பின்னிருந்தும் 2. கூட்டினால் 4 வருகிறது, ஆனால் நிற்பது 3 பேர். ஆகவே ஒன்றைக் கழிக்க வேண்டும். சோதனை மண்டபத்தில் பத்து விநாடிக்குள் முடிகிற சரிபார்ப்பு இது. சேர் கற்பித்தவற்றுள் இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். எந்தச் சூத்திரம் மறந்துபோனாலும் சிறிய எண்ணை வைத்து அதை மீட்டெடுக்கலாம்.

இரண்டு ஆட்கள் வரும் கணக்குகளுக்குத்தான் அவர் கூடிய நேரம் செலவழித்தார். அது நியாயமும்கூட. 30 பேர் வரிசையில் குமார் இடமிருந்து 8ஆவது, நிமல் வலமிருந்து 11ஆவது. இருவருக்கும் இடையில் எத்தனை பேர்? முதல் வேலை, இருவரையும் ஒரே பக்கத்திலிருந்து எண்ணுவது. நிமல் இடமிருந்து 30 − 11 + 1, அதாவது 20ஆவது. 8க்கும் 20க்கும் இடையில் 9 முதல் 19 வரை 11 பேர். 20இலிருந்து 8ஐக் கழித்து 12 என்று எழுதுகிற பிள்ளை நிமலையும் இடையில் நிற்கிறவர்களோடு சேர்த்து எண்ணிவிட்டது. இதே கணக்கில் மொத்தத்தை 15 ஆக்கிப் பாருங்கள். நிமல் இடமிருந்து 5ஆவதாகி, குமாரைத் தாண்டி முன்னே வந்துவிடுகிறான். இடையில் 6ஆம், 7ஆம் ஆட்கள் இருவர் மட்டும். 8ஐயும் 11ஐயும் கூட்டினால் 19. அது மொத்தத் தொகையைவிடக் கூடுதலாக இருந்தால் இருவரும் ஒருவரையொருவர் கடந்து நிற்கிறார்கள் என்று சேர் உடனே பார்க்கச் சொல்லுவார்.

அடுத்த படி, மொத்தத்தைச் சொல்லாமல் இடையில் நிற்கிறவர்களைச் சொல்வது. குமார் இடமிருந்து 8, நிமல் வலமிருந்து 11, இடையில் 4 பேர். மொத்தம்? 8 + 4 + 11 = 23 என்று எல்லோரும் எழுதுவார்கள். கடந்து நிற்கிற நிலையையும் கீறிப் பார்த்தால் 13 பேரோடும் கணக்கு ஒத்துவரும்: நிமல் இடமிருந்து 3ஆவது, குமார் 8ஆவது, இடையில் 4, 5, 6, 7. ஆகவே வினாவில் "குறைந்தபட்சம்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் 13. குமாருக்கு வலப்பக்கத்தில்தான் நிமல் நிற்கிறான் என்று சொல்லியிருந்தால் 23. இரண்டும் இல்லாவிட்டால் தரவு போதாது. இப்படி இரண்டு கோடு கீறப் பழகிய பிள்ளையை எந்த வினாத்தாளும் இந்த இடத்தில் ஏமாற்ற முடியாது.

இடம் மாறும் கணக்கும் உண்டு. ரவி இடமிருந்து 7ஆவது, செல்வன் வலமிருந்து 12ஆவது. இருவரும் இடம் மாறிய பிறகு ரவி இடமிருந்து 22ஆவது. ஆட்கள் மாறினார்கள், இடங்கள் அசையவில்லை. ரவி இப்போது நிற்பது செல்வன் நின்ற இடம். அந்த ஒரே இடத்துக்கு இடமிருந்து 22, வலமிருந்து 12 என்று இரண்டு எண்ணும் கிடைத்துவிட்டன. மொத்தம் 33. செல்வன் இப்போது வலமிருந்து எத்தனையாவது? ரவியின் பழைய இடம் இடமிருந்து 7 என்பதால், 33 − 7 + 1 = 27. ஆட்களின் பெயரை மறந்துவிட்டு இடத்துக்கு ஒரு வட்டம் போடு என்பதுதான் சேர் சொல்லுகிற வழி.

வாசிப்பில் தவறுகிற கணக்கு வேறு வகை. சித்தியடைந்தவர்களுக்குள் மாலா மேலிருந்து 14ஆவது, கீழிருந்து 21ஆவது. 6 பேர் சித்தியடையவில்லை, 4 பேர் சோதனைக்கு வரவில்லை. 34 என்று எழுதி நிறுத்திவிட்டால், வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் என்ற கேள்விக்கு விடை வராது. 6உம் 4உம் சேர 44. இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் உடற்பயிற்சி அணியை வைத்து ஒரு கணக்குத் தருவார்: ஒரு பிள்ளை முன்னிருந்து 4, பின்னிருந்து 6, இடமிருந்து 3, வலமிருந்து 5. நீளப்பாட்டில் 9, அகலப்பாட்டில் 7, மொத்தம் 63. சமபுள்ளி எடுத்தவர்களுக்கு 3ஆவது நிலையை இருவருக்குக் கொடுத்தால் அடுத்தவர் 5ஆவது. 4ஆவது என்று ஒருவரும் இல்லை. தேர்ச்சி அறிக்கையில் நிலை போடும் ஆசிரியர்களே சறுக்குகிற இடம் அது.

பிறகு கம்பக் கணக்கு, அதாவது கம்பமோ மரமோ இடைவெளி விட்டு நடுகிற கணக்கு. 100 மீற்றர் வீதியில் 5 மீற்றருக்கு ஒரு மரம், இரு முனையிலும் மரம் உண்டு: 21. முனைகளில் வீடு இருப்பதால் மரம் இல்லை: 19. 100 மீற்றர் சுற்றளவுள்ள குளத்தைச் சுற்றி: 20. மூன்றிலும் இடைவெளி 20தான். இடைவெளியை எண்ணுகிறோமா, மரத்தை எண்ணுகிறோமா என்பதுதான் வேறுபாடு. மரக்குற்றியை 6 துண்டாக அரிய 5 வெட்டுப் போதும். மணிக்கூடு 6 தரம் அடிக்க 15 விநாடி என்றால் 12 தரம் அடிக்க 30 விநாடி ஆகாது. 6 அடியில் 5 இடைவெளி, ஒவ்வொன்றும் 3 விநாடி, 12 அடியில் 11 இடைவெளி, ஆகவே 33. புத்தகத்தில் 37ஆம் பக்கத்திலிருந்து 64ஆம் பக்கம் வரை வாசித்தால் 28 பக்கம்.

எண்ணும் கணக்குகளுக்கும் அதே கேள்விதான் திறவுகோல். 1 முதல் 100 வரை எழுதினால் 7 என்ற இலக்கம் எத்தனை தரம் வரும்? ஒன்றினிடத்தில் 10, பத்தினிடத்தில் 10, ஆக 20. 7 உள்ள எண்கள் எத்தனை என்று கேட்டால் 19, ஏனென்றால் 77 இரண்டு தரம் எண்ணுப்பட்டுவிட்டது. வகுப்பில் 40 பேர். 25 பேர் கிரிக்கெட், 22 பேர் உதைபந்து, 5 பேர் ஒன்றும் விளையாடுவதில்லை. விளையாடுகிறவர்கள் 35 பேர்தான், ஆனால் கூட்டினால் 47 வருகிறது. மிஞ்சுகிற 12 பேரும் இரண்டு பக்கமும் எண்ணுப்பட்டவர்கள், அதாவது இரண்டும் விளையாடுகிறவர்கள். 10 பேர் ஒருவருக்கொருவர் கைகுலுக்கினால் 45, வாழ்த்து மடல் கொடுத்தால் 90. குலுக்கல் இருவருக்கும் பொது, மடல் இருவரும் தனித்தனியாகக் கொடுப்பது.

மடல் கணக்கைச் சேர் ரயிலாக மாற்றித் தருவார். கொடிகாமம், சாவகச்சேரி, நாவற்குழி, யாழ்ப்பாணம், கோண்டாவில் என்று ஐந்து ஸ்ரேசன். எந்த ஸ்ரேசனிலிருந்தும் எந்த ஸ்ரேசனுக்கும் போகலாம் என்றால் எத்தனை விதமான ரிக்கற் அச்சடிக்க வேண்டும்? ஒவ்வொன்றிலிருந்தும் 4, ஆக 20. யாழ்ப்பாணத்துக்கு ரயில் 1990இல் நின்றது, 2014இல்தான் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் படித்த பிள்ளைகள் ரயிலையே காணாமல் இந்தக் கணக்கைச் செய்தார்கள். ஸ்ரேசன் பெயர்களை அவர் ஒருநாளும் மாற்றவில்லை.

உருவங்களை எண்ணும்போது அளவுவாரியாக எண்ண வேண்டும். நான்குக்கு நான்கு கட்டத்தில் சிறிய சதுரம் 16, அடுத்தது 9, பிறகு 4, பெரியது 1, மொத்தம் 30. கண் போன போக்கில் எண்ணினால் ஒருவருக்கும் 30 வராது.

இங்கே இங்கிலாந்தில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மே மாதத்தில் நடக்கும் சற்ஸ் (SATs) சோதனையில் கணிதச் சிந்தனைத் தாள்கள் இரண்டு, தாளுக்கு 40 நிமிடம், 35 புள்ளி. கிராமர் பாடசாலைகளுக்கான நுழைவுச் சோதனையான இலவன் பிளஸ் எழுதுகிறவர்களுக்கு அதற்கு முன்னரே செப்டம்பரில் தாள் வந்துவிடும். தெரிவு விடைத் தாள்களில் 24 சரி என்றால் பக்கத்திலேயே 23உம் 25உம் அச்சிட்டிருப்பார்கள். அவசரத்தில் வரக்கூடிய பிழைதான் தெரிவாக வைக்கப்படுகிறது. எழுதிய விடை தெரிவுகளுக்குள் இருக்கிறது என்பதால் அது சரியென்று பிள்ளை நம்பிவிடும். எங்கள் சனிக்கிழமை வகுப்புகளில் பெற்றோர் கேட்பது சுருக்கு வழி. அதைக் கொடுப்பது சுலபம், ஆனால் இடமாற்றக் கணக்கும் கம்பக் கணக்கும் கலந்து வந்த தாளில் அதே பிள்ளைகள் ஒன்றைக் கூட்டுவதா கழிப்பதா என்று ஊகிக்கத் தொடங்குகிறார்கள். கோடு கீற ஒரு கணக்குக்கு 15 விநாடி கூடுதலாகப் போகலாம். அந்த 15 விநாடியைக் கொடுக்கச் சொல்லி நான் ஒவ்வொரு தாய் தகப்பனிடமும் மன்றாடுவேன்.

சேர் ஊரை விட்டு வரவில்லை. கடதாசிக்குத் தட்டுப்பாடான தொண்ணூறுகளில் பாவித்த தாளின் மறுபக்கத்தில் வினா எழுதி, ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளை இருத்திப் படிப்பித்தார். அவரிடம் படித்து அந்தக் கரும்பலகையில் நின்று படிப்பிக்கக்கூடிய அளவுக்கு வந்தவர்கள் நாங்கள் பலர். நாங்கள் எல்லோரும் இங்கே இருக்கிறோம். மண்டபத்துக்குக் கூரை போடவும் கணினி வாங்கவும் காசு அனுப்பியிருக்கிறோம், அது நல்ல காரியம். ஐந்தாம் வகுப்பில் வெண்கட்டியோடு நிற்க ஒருவரும் திரும்பிப் போகவில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

அவர் ரோணியோ என்ற நகலெடுக்கும் இயந்திரத்தில் அடித்துத் தந்த பயிற்சித் தாள்கள் யாரிடமாவது பழைய பெட்டிக்குள் இருந்தால், படம் எடுத்து மலர்க்குழுவுக்கு அனுப்புங்கள். வரிசைத் தாள்களும் கம்பத் தாளும் ஏற்கனவே கிடைத்துவிட்டன. இடமாற்றக் கணக்குகள் உள்ள தாள்களும், இருவர் கடந்து நிற்கும் கணக்குகள் உள்ள தாளும் இன்னும் இல்லை. மங்கிப்போன எழுத்தானாலும் பரவாயில்லை, இரண்டு மூன்று பேரின் பிரதிகளை ஒப்பிட்டுத் திருப்பி எழுதலாம். முழுத் தொகுதியும் சேர்ந்தால் ஊரில் இப்போது ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கும் ரீச்சருக்கு ஒரு பிரதி போகும், சனிக்கிழமை வகுப்புகளுக்கு ஒரு பிரதி இங்கே இருக்கும்.