பச்சை மலமும் நண்டுக் கண்ணும்

மகளுக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. நேற்றிரவு ஓ.ஆர்.எஸ். கரைத்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டிக்கொண்டிருந்தபோது, பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் இதே மாதிரி விழித்துக் கிடந்த அம்மாக்கள்தான் மனதில் வந்தார்கள்.

அங்கே மலத்தின் நிறத்தை வைத்தே நோயைச் சொல்வார்கள். பச்சையாக, புளித்த வாடையோடு இருந்தால் பால் வயிற்றில் புளித்துவிட்டது என்று முடிவு. 1689-இல் வால்டர் ஹாரிஸ் என்ற ஆங்கில மருத்துவர் எழுதிய நூல் பரப்பிய எண்ணம் இது. புளிப்பை முறிக்கச் சுண்ணக்கட்டி, சிப்பி ஓட்டுத் தூள், அப்புறம் 'நண்டுக் கண்'. பெயர்தான் கண், உண்மையில் இறாலைப் போன்ற ஒரு நன்னீர் உயிரியின் வயிற்றில் உருவாகும் சுண்ணக் கல். அடுத்து, வயிற்றைச் சுத்தப்படுத்த ரேவல்சின்னி என்ற பேதி மருந்து. ஏற்கெனவே நீர் வற்றிக் கிடக்கும் பிள்ளைக்கு மேலும் பேதி! வலியில் அழுதால் காட்ஃப்ரே கார்டியல் என்ற இனிப்பு மருந்து. அதில் இருந்தது அபின். படிக்கும்போதே நெஞ்சு பதறுகிறது.

ஆனால் மருத்துவர் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங்கை நினைத்தால் கண் கலங்குகிறது. 1769-இல் ஏழைக் குழந்தைகளுக்கென்றே லண்டனில் இலவச மருந்தகம் திறந்தவர். பன்னிரண்டு ஆண்டுகளில் சுமார் 35,000 குழந்தைகளைப் பார்த்தார். நோயுற்ற பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்தால் அதன் மனமே உடைந்துவிடும் என்று, யாரையும் உள்நோயாளியாகச் சேர்க்க மறுத்தார். பணமில்லாமல் 1781-இல் மருந்தகம் மூடப்பட்டது.

விடியற்காலையில் மகள் அரை டம்ளர் குடித்துவிட்டு, என் சேலை நுனியைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாள்.