மழைக்கு ஒன்பதாம் நாள் பூக்கும் புறா

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக் கார் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் கிளையில், பறவைக்கூடு பெரணிக்குப் பக்கத்தில், காய்ந்த குச்சிக் கட்டு மாதிரி ஒன்று தொங்கும். கீழ்வீட்டு மாமா அதைப் புல்லுருவி என்பார், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

போன சனிக்கிழமை காலை அம்மாவோடு தேக்கா சந்தைக்குக் கிளம்பினேன். கார் கிட்ட வந்ததும் அம்மா நின்று, "இங்க யாருப்பா மல்லி வச்சிருக்கா?" என்றார். அண்ணாந்து பார்த்தால் அந்தக் குச்சிகள் முழுக்க வெள்ளைப் பூ!

நல்ல வேளை, காற்றில் முறிந்த தண்டு ஒன்று கீழே கிடந்தது, எடுத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் பருத்து வரிவரியாக இருக்கிறது, நடுவில் தடித்த இலைகள் இரண்டு வரிசையாக, அதற்கு மேலே இலையே இல்லாமல் கம்பி போல மெலிந்த நுனி, பூ அந்த மொட்டை நுனியில்தான். வெள்ளை இதழ், நடு உதட்டில் மஞ்சள் பூச்சு, பக்கவாட்டில் பார்த்தால் சிறகு விரித்த புறாவேதான். புறா ஆர்க்கிட், அறிவியல் பெயர் டென்ட்ரோபியம் குருமெனாட்டம். யாரும் நடாமல் தானாகவே வளரும் இந்த மண்ணின் ஆர்க்கிட்.

இலையையும் பூவையும் விட எனக்குச் சந்தேகத்தைத் தீர்த்தது நாட்காட்டிதான். வெயில் கொளுத்தும்போது திடீரென்று கனமழை கொட்டி வெப்பம் சட்டென இறங்கினால், அதுவரை சும்மா இருந்த மொட்டுகள் விழித்துக்கொண்டு ஏறக்குறைய 9 நாளில் விரியும். எண்ணிப் பார்த்தேன், முந்தின வாரம் வியாழன் சாயங்காலம் அப்படி ஒரு மழை. பக்கத்துச் சாலை மரங்களிலும் அதே நாளில் பூத்திருந்தது. பூவுக்கு ஆயுள் ஒரே நாள், எல்லாச் செடியும் சேர்ந்து மலர்ந்தால்தானே தேனீ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மகரந்தம் கொண்டுபோக முடியும்.

அப்புறம், இது புல்லுருவி இல்லை. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும், இது பட்டையைப் பிடித்துக்கொண்டு மழைநீரிலும் அங்கே சேரும் மக்கிலும் பிழைக்கிறது. தூங்குமூஞ்சியின் சொரசொரப்பான பட்டையும் அகலக் கிளையும் அதற்கு நல்ல இடம். இத்தனைக்கும் அந்த மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது!

மாமாவிடம் அந்தத் தண்டைக் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "அடுத்த மழைக்குச் சொல்லுப்பா, அத்தையையும் கூட்டிட்டு வரேன்" என்றார்.