வீசிங்தான் என்றார்கள், எந்த வீசிங் என்று தெரிந்துகொண்டது எப்படி

அப்பா வீட்டுப் பக்கம் பலருக்கும் இழுப்பு உண்டு. பாட்டிக்கு இருந்தது, அப்பாவுக்கு இருந்தது, அத்தைக்கு இழுப்போடு தோல் அரிப்பும் சேர்ந்தது. எனக்குப் பள்ளி வயதில் வந்தபோது வீட்டில் யாருக்கும் அது செய்தியே இல்லை. "உங்க அப்பா வீட்டு மூச்சு" என்று சொல்லி அம்மா ஆவி பிடிக்க வைப்பார். அப்புறம் இன்ஹேலர் வந்தது. அதோடே படித்து, கல்யாணமாகி, வியாசர்பாடிக்குக் குடிவந்து வேலைக்கும் போய்க்கொண்டிருந்தேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. வடிந்த பிறகும் சுவர் மாதக்கணக்கில் ஓதம் காத்தது, பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை கறுப்பாகப் படர்ந்தது. அதற்குப் பிறகுதான் இன்ஹேலருக்குக் கேட்காத இழுப்பு தொடங்கியது. மாலையில் லேசான காய்ச்சல், எடை இறக்கம். சளியில் பழுப்பு நிறத்தில் ரப்பர் மாதிரி கெட்டியான துண்டுகள் வந்தன. இதையெல்லாம் டாக்டரிடம் சொல்ல நிறைய பேருக்குக் கூச்சம். தயவுசெய்து சொல்லுங்கள், முடிந்தால் டப்பாவில் எடுத்துப்போய்க் காட்டுங்கள். என் நோயின் முதல் துப்பே அந்தத் துண்டுதான்.

எக்ஸ்ரேயில் வலது மேல் பக்கம் நிழல் தெரிந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் அதைப் பார்த்ததும், காசநோய் மாதிரி இருக்கிறது, மாத்திரையை ஆரம்பித்துவிடலாம் என்றார்கள். சளிப் பரிசோதனை செய்யாமல் ஆறு மாத மாத்திரையைத் தொடங்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் மாறி, தாம்பரம் சானடோரியம் போனேன். 1928-இல் காசநோய்க்காகவே தொடங்கிய இடம் அது, இப்போது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. காலையில் சீக்கிரம் போய்விடுவது நல்லது, வரிசை நீளம். சளியைச் சீபிநாட் என்ற, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனைக்குக் கொடுத்தேன். காசநோய்க் கிருமி இல்லை என்று வந்தது. சில வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் வலது பக்க நிழல் மங்கி, இடது பக்கம் புதிதாக ஒன்று தெரிந்தது. "மருந்தே சாப்பிடாம நிழல் இடம் மாறுதும்மா, இது டிபி போக்கு இல்லை" என்றார் டாக்டர்.

அன்றைக்கு அவர் கேட்ட கேள்விகள் இன்னும் நினைவிருக்கின்றன. யார் யாருக்கு இழுப்பு, எந்த வயதில் வந்தது, தோல் அரிப்பு, மூக்கடைப்பு யாருக்கு, புகைபிடித்தவர் உண்டா, வீட்டில் விறகு அடுப்பா, ஓதமா. ஒரு தாளில் எங்கள் குடும்பத்தையே கிளை கிளையாக வரைந்தார். மரபணு டெஸ்ட் எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். ஆஸ்துமாவுக்கு ஒற்றை மரபணு கிடையாது, நிறைய சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போடுகின்றன என்றார். 17-ஆவது குரோமோசோமில் குழந்தைப் பருவ ஆஸ்துமாவோடு தொடர்புள்ள ஓர் இடத்தை 2007-இல் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் அது இருப்பதால் மட்டும் ஒருவருக்கு ஆஸ்துமா வந்துவிடுவதில்லை. என் சிகிச்சைக்கு இப்போது தேவை மரபணு அல்ல, என் எதிர்ப்பு சக்தி எதன்மேல் கோபமாக இருக்கிறது என்பதுதான் என்று சொல்லி ரத்தப் பரிசோதனைகள் எழுதினார்.

ஊதும் டெஸ்ட் முதலில். மூச்சை முழுக்க இழுத்து, ஒரே வேகத்தில், ஆறு நொடியாவது விடாமல் ஊத வேண்டும். பிறகு மருந்து பஃப் கொடுத்து, கால்மணி நேரம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொல்வார்கள். எந்த இன்ஹேலரை எத்தனை மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும் என்று தேதி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ரத்தத்தில் பார்த்தவை ஈசினோபில் (ஒவ்வாமையிலும் புழுத் தொற்றிலும் ஏறும் வெள்ளையணு) எண்ணிக்கை, மொத்த ஐஜிஇ (ஒவ்வாமையில் ஏறும் எதிர்ப்புப் புரதம்), ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கு எதிரான ஐஜிஇ, ஐஜிஜி (இன்னொரு வகை எதிர்ப்புப் புரதம்). பூஞ்சை டெஸ்ட்டுகளை வெளி லேபில் எடுத்தேன், செலவு கொஞ்சம் கடித்தது. இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இழுப்பு வந்ததும் ஸ்டீராய்டு மாத்திரை போட்டுக்கொண்டு போனால் ஈசினோபில் சட்டென்று இறங்கிவிடும், ரிசல்ட் நார்மல் போலக் காட்டும். எந்த மாத்திரை, எப்போது போட்டீர்கள் என்று எழுதிக் கொண்டுபோங்கள். நம் ஊரில் ஈசினோபில் ஏறியிருந்தால் குடல் புழுவையும் யானைக்கால் புழுவையும் விலக்கிப் பார்ப்பார்கள். யானைக்கால் புழுவாலும் இதேபோல இரவு இருமலும் இழுப்பும் வரும், அதற்கு மருந்தே வேறு.

பெரியவர்களுக்கு மொத்த ஐஜிஇ நூறு சொச்சம் வரை இருந்தால் கவலையில்லை. எனக்கு நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. பூஞ்சைக்கு எதிரான ஐஜிஇயும் பாசிட்டிவ். சி.டி. ஸ்கேனில் மூச்சுக்குழாய்கள் நடுப்பகுதியில் விரிந்து, உள்ளே சளி அடைத்திருந்தது. ஏ.பி.பி.ஏ. என்று எழுதினார்கள், ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையால் நுரையீரலில் வரும் ஒவ்வாமை நோய்.

ஆஸ்பர்ஜில்லஸ் விதைத்துகளை நாம் எல்லோருமே தினமும் சுவாசிக்கிறோம். பெரும்பாலானவர்களின் நுரையீரல் அதை வெளியே தள்ளிவிடும். ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு அது சளியில் தங்கி முளைக்கிறது. நுரையீரலை அது அரிப்பதில்லை, அதை எதிர்த்து உடம்பு அனுப்பும் ஐஜிஇயும் ஈசினோபிலும்தான் சளியை இறுக்கி, குழாயைச் சேதப்படுத்துகின்றன. சிலருக்கு மட்டும் ஏன் என்பதில் மரபுக்கும் பங்கு உண்டு. எதிர்ப்பு சக்திக்கு அந்நியப் பொருளை அடையாளம் காட்டும் எச்.எல்.ஏ. மரபணுக்களில் சில வகைகளும், சளியின் நீர்த்தன்மையோடு தொடர்புள்ள சி.எஃப்.டி.ஆர். மரபணுவின் மாற்றங்களும் இந்த நோயாளிகளிடம் அதிகம் காணப்படுகின்றன. அப்பா வீட்டு மூச்சும் புயல் தண்ணீரும் என் மார்பில் வந்து சேர்ந்துகொண்டன என்று எனக்கு விளங்கியது அப்போதுதான்.

குடல் புழுவுக்கு மருந்து கொடுத்துவிட்டு, எடைக்குத் தக்க அளவில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கினார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை குறைத்துக்கொண்டே வந்து நாலு மாதத்தில் நிறுத்துவது திட்டம். பூஞ்சை மாத்திரையான இட்ராகோனசோலும் ஒரு வழி. ஆனால் என் இன்ஹேலரில் புடசோனைடு என்ற ஸ்டீராய்டு இருந்தது. இரண்டும் சேர்ந்தால் ஸ்டீராய்டு உடம்பில் தேங்கிவிடும் என்பதால் டாக்டர் இட்ராகோனசோலைத் தவிர்த்தார். முகம் உப்பியது, பசி அகோரம், சர்க்கரை லேசாக ஏறியது. பக்கத்து வீட்டு அக்கா, "ஸ்டீராய்டா, உடனே நிறுத்தும்மா" என்று பதறினார். அக்கறையில் சொன்னார், ஆனால் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டை அதற்குள் குறைத்திருக்கும்.

இரண்டாம் மாத ரத்தப் பரிசோதனையில் ஐஜிஇ பாதிக்கு இறங்கியிருந்தது. ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே மருந்து வேலை செய்கிறது என்று கணக்காம். முழுக்க நார்மலுக்கு வரும் என்று காத்திருக்கக் கூடாது. மருந்து முடிந்த பிறகு நிற்கும் எண்தான் இனி நம் எண். தொந்தரவோடு சேர்ந்து அது ஒன்றரை மடங்காக உயர்ந்தால் நோய் திரும்புகிறது என்று பொருள். அப்படி அடிக்கடி திரும்புகிறவர்களுக்கு ஐஜிஇயையே பிடித்துக்கொள்ளும் ஓமலிசுமாப் ஊசியும் போடுகிறார்கள், விலை மிக அதிகம்.

வீட்டு ஓனரிடம் சண்டை போட்டுச் சுவரைக் கொத்திப் பூசவைத்தோம். தொட்டிச் செடிக்கு மக்கிய உரம் போடுவது இப்போது கணவர் வேலை, அதில் இந்தப் பூஞ்சை ஏராளம்.

கடைசியாக மகளைப் பற்றிக் கேட்டேன், அவளுக்கும் இந்த ரத்தப் பரிசோதனைகளை எடுத்துவிடலாமா என்று. தொந்தரவு இல்லாத குழந்தையை ஊசியால் குத்த வேண்டாம் என்றார் டாக்டர். அம்மாவுக்கு இருப்பதால் அவளுக்கு ஆஸ்துமா வர வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான், வந்தே தீரும் என்று இல்லை. இரவு இருமலோ, ஓடினால் இழுப்போ தெரிந்தால் அப்போது ஊதும் டெஸ்ட்டுக்குக் கூட்டி வரச் சொன்னார். இதுவரை ஒன்றும் தெரியவில்லை. கவனித்துக்கொண்டிருக்கிறேன்.