உனக்கு என்ன குறை?

நல்லூர்த் தேருக்குப் புறப்படுகிற நேரம். கனடாவிலிருந்து வந்து நிற்கிற 15 வயதுப் பிள்ளை கொக்குவில் வீட்டு விறாந்தையை விட்டு எழும்பவில்லை. "எனக்கு ஆங்சைட்டியா இருக்கு, நான் வரேல்லை." அம்மம்மா, மாமி, சித்தப்பா எல்லாரிடமிருந்தும் ஒரே மறுமொழி: "உனக்கு என்ன குறை?" பெற்றவர்களுக்குத்தான் அது சுருக்கென்று தைக்கும். கனடாவில், ஸ்காபரோ வீட்டில், அவர்களும் அதையேதான் சொல்லி வந்தார்கள்.

பனி வழிக்கப் பழகிவிட்டோம். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்னமே இருட்டுவதும் பழகிப்போயிற்று. பிள்ளை மனக்கவலை சொன்னால் மட்டும் வாயில் ஊர் வந்து நிற்கிறது. "நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில படிச்சனாங்கள்." உண்மைதான். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்து வலிகாமமே நாவற்குழிப் பாலத்தால் இடம்பெயர்ந்த கதையைப் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும். அதற்கு வேறொரு நாள் இருக்கிறது. பிள்ளையின் கவலைக்கு மறுமொழியாக அதைச் சொன்னால், தன் கவலைக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று எடுத்துக்கொள்ளும். அடுத்தமுறை சொல்லாது.

இத்தனைக்கும் யாழ்ப்பாணத் தமிழில் இதற்கு எவ்வளவு சொற்கள்! ஆங்சைட்டிக்குப் பதகளிப்பு. ஒரு இடத்தில் இருக்க முடியாமல் தவிப்பது அந்தரம். திடுக்கிட்டு மனம் ஒடுங்கினால் பிள்ளை ஏங்கிப்போச்சு என்போம். இந்தச் சொற்களைப் பிள்ளைக்குக் கொடுங்கள். முதலில் உடம்பைக் கேளுங்கள்: "நெஞ்சு படபடக்குதோ? வயித்துக்க ஏதும் செய்யுதோ?" பிறகு பெயர் வையுங்கள்: "அது பதகளிப்பு, குஞ்சு. எனக்கும் வாறது." அன்பாகத்தான் "யோசிக்காதை" என்கிறோம். ஆனால் பேச்சு அதோடு நின்றுவிடும்.

முகத்துக்கு முகம் பார்த்து விசாரித்தால் இந்த வயது வாய் திறக்காது. ஊரில் சனிக்கிழமை எண்ணெய் வைக்கும்போது, அம்மம்மாவுக்கு முதுகு காட்டி இருந்துகொண்டு எவ்வளவு கதைத்தோம்! தேங்காய் திருவும்போதும் அப்படித்தான். கனடாவில் கார் ஓடும்போதும் சப்பாத்தி உருட்டும்போதும் அந்த வாய்ப்பு வரும். பிள்ளை தொடங்கினால், முதலில் உங்கள் மூச்சு: நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து தடவை. வெளிமூச்சு நீண்டால் இதயத்துடிப்பு இறங்கும், குரலும் இறங்கும். பிறகு ஒரே கேள்வி: "நான் கேட்டுக்கொண்டு இருக்கவோ, வழி சொல்லவோ?" பெரும்பாலும் காரியம் கெடுவது மூன்றாவது நிமிடத்தில், "அதுக்குத்தான் போனை வைக்கச் சொன்னனான்" என்று தொடங்கும்போது. அதைவிடக் கெடுதல், பிள்ளை சொன்னது அன்றிரவே வட்ஸப்பில் ஊருக்குப் பெரியம்மாவிடம் போவது. அந்த நம்பிக்கை உடைந்தால் ஒட்ட வருடங்கள் எடுக்கும்.

நித்திரையும் முக்கியம். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் வேண்டும். பருவமடையும்போது நித்திரைக்கான மெலடோனின் சுரப்பு இரவில் பிந்துகிறது. சனி காலை தமிழ்ப் பள்ளிக்கு எழும்பாததைச் சோம்பல் என்று திட்டுமுன் இதை நினையுங்கள். மிருதங்கமோ ரியூசனோ, ஒன்றைக் குறைக்கலாம்.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை, சாப்பாடு, சிநேகிதம் எல்லாம் குலைந்திருந்தால் குடும்ப மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சாகிற எண்ணம் இருக்குதோ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. இருக்குது என்றால் தனியே விடாதீர்கள். உதவிக்கு அழைக்கும் தொலைபேசி எண்: கனடாவில் 988, இலங்கையில் 1926.

தேருக்கு வருவோம். நெரிசல்தான் பயமென்றால் முதல்நாளே பேசி வையுங்கள்: வீதியோரம் நிற்பது, ஒரு மணித்தியாலம் மட்டும், எந்த மூலையில் சந்திப்பது, யார் கூட்டி வருவது. அதுவும் ஏலாதென்றால் ஒருவர் விறாந்தையில் கூட இருக்கட்டும். அம்மம்மா இருந்தால் இன்னும் நல்லது, எண்ணெய்ப் போத்தலும் கையுமாக.