எதுன்னாலும் சரிங்க சார்

பள்ளிபாளையம் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில பிசிக்ஸ் நடத்துறேன். மே மாசம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தா போதும், அங்கிருந்து ஆகஸ்ட் வரைக்கும் பாடத்த விட காலேஜ் சேக்கற கவுன்சிலிங் வேலைதான் தலைக்கு மேல இருக்கும். வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்றுன்னு இ-சேவைக்கு ஆள் அனுப்பணும், பாஸ்வேர்ட மறந்துட்டு வந்து நிக்கறவங்கள சமாளிக்கணும், ஓடிபி அப்பா போனுக்குப் போயிருக்கும் அவரு தறி குடோன்ல சத்தத்துல எடுக்கவே மாட்டாரு, அதுக்கு ஒரு ஆள விட்டு ஓடணும். இதெல்லாம் கூட பழகிப்போச்சு. மார்க் கம்மியான பையன் வந்தா அவனுக்கே தெரியும் எங்க போகலாம்னு. என்னைய திணற வைக்கிறது "எதுன்னாலும் சரிங்க சார்"னு சொல்ற புள்ளைங்கதான்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு அப்படித்தான் வந்துச்சு. பயோ-மேக்ஸ் குரூப். கணக்கு 71, பிசிக்ஸ் 64, கெமிஸ்ட்ரி 78. இஞ்சினியரிங் கட்ஆப்புக்கு கணக்கு அப்படியே, மத்த ரெண்டும் பாதி, ஆக 71ம் 32ம் 39ம் 142, 200க்கு. பெரிய மார்க் இல்ல, ஆனா ஆறாங்கிளாஸ்ல இருந்து அரசுப் பள்ளி, 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, அதுல சீட் கிடைச்சா படிப்புக் கட்டணம் ஹாஸ்டல் எல்லாத்தையும் அரசாங்கமே கட்டிரும். 2021ல அது வந்ததுக்கு அப்புறம்தான் எங்க ஊருப் புள்ளைங்க நெறையப் பேரு இஞ்சினியரிங் பக்கம் திரும்பிப் பாக்க ஆரம்பிச்சாங்க. அவங்கப்பாவும் கூட வந்திருந்தாரு. "நீங்களே பாத்து ஒரு நல்லதா போட்டு வுடுங்க சார்"னுட்டு வாசல்லயே நின்னுக்கிட்டாரு, எவ்ளோ சொல்லியும் உள்ள வந்து உக்காரல.

நான் உடனே புத்திசாலித்தனம்னு நெனச்சு ஒண்ணு செஞ்சேன். அப்பா விசைத்தறி ஓட்டுறாரு, பொண்ணுக்கு பாவு அறுந்தா பிணைக்கத் தெரியும், அப்ப டெக்ஸ்டைல் டெக்னாலஜி! சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில இருக்கு, நம்ம பக்கத்துலயே ஈரோடு கோயமுத்தூர்லயும் இருக்குன்னு பத்து நிமிசம் பேசினேன், பேசப் பேச எனக்கே ஒரு சந்தோசம். அந்தப் பொண்ணு எல்லாத்தையும் கேட்டுட்டு மெதுவா சொல்லுச்சு: "தறிச் சத்தத்த வுட்டு வெளிய போகோணும்னுதாங்க சார் படிக்கறேன்."

எனக்கு அதுக்கு மேல வார்த்தையே வரல. பேனாவ மூடி வச்சுட்டேன்.

இந்த வேலையில நான் பண்ணுன முதல் தப்பு இது இல்லீங்க. 2018ல கவுன்சிலிங் மொதத் தடவையா ஆன்லைனுக்கு மாறுச்சு, அதுக்கு முன்னாடி வரைக்கும் அண்ணா யுனிவர்சிட்டிக்கு நேர்ல போகணும். அந்த வருசம் ஒரு பையனுக்கு ஆறே ஆறு காலேஜ் போட்டு "இது போதும்டா"ன்னு லாக் பண்ண வச்சேன். எவ்ளோ வேணா போட்டுக்கலாம்னு இருக்கும்போது ஆறு! அவன் ரேங்க்குக்கு ஆறும் முன்னாடியே ரொம்பிருச்சு, அந்த ரவுண்டுல ஒண்ணுமே வரல. அப்புறம் துணைக் கலந்தாய்வுல எதோ கிடைச்சுது, ஆனா அவன் மொகத்த இப்ப நெனச்சாலும் ஒரு மாதிரி இருக்கும். அதுல இருந்து ஒரு நோட்டு போட்டு, ஒவ்வொரு புள்ளைக்கும் காலேஜ் கோடு, பிராஞ்ச் கோடுன்னு கையில எழுதிக்குடுத்து, ஆசைப்படுற வரிசையிலதான் போடணும், கிடைக்குமா கிடைக்காதான்னு பாத்து மேல கீழ மாத்தக்கூடாதுன்னு நூறு தடவ சொல்லுவேன்.

ஆனா அந்த நோட்டுல இந்தப் பொண்ணுக்கு என்ன எழுதறது?

அப்புறம் கோர்ஸ் பேச்சையே விட்டுட்டேன். லீவுல வீட்ல என்ன பண்ணுவன்னு கேட்டேன். சமைப்பேன், தம்பிக்கு சொல்லிக்குடுப்பேன், அம்மாவோட குழு நோட்டு எழுதுவேன்னு சொல்லுச்சு. மகளிர் குழு நோட்ட நாளைக்கு எடுத்துட்டு வா சாமின்னேன், எதுக்குன்னு எனக்கே தெரியாது. மறுநாள் கொண்டு வந்துச்சு. நீள நோட்டு, சிவப்புல கோடு போட்டு, பேரு, சந்தா, கடன், வட்டி, பாக்கி. ஒரு எடத்துல ஒம்பது ரூபா மட்டும் ரெண்டு தடவ வட்டம் போட்டிருந்துச்சு. என்னன்னு கேட்டா, எட்டாவது மாசத்துல இருந்து அந்த ஒம்பது ரூபா இடிச்சுக்கிட்டே வந்துச்சாம், ராத்திரி உக்காந்து பின்னாடி போய்ப் போய் ஒருத்தர் வட்டியில 54ஐ 45ன்னு மாத்தி எழுதினத கண்டுபுடிச்சாளாம். "டேலி ஆகலீன்னா தூக்கம் வராதுங்க சார்." ரெண்டு நாளா தரையப் பாத்து பேசின புள்ள அத சொல்லும்போது நேரா என்னையப் பாத்துச்சு.

பி.காம்தான் மொதல்ல தோணுச்சு, ஆனா அதுல காமர்ஸ் குரூப் புள்ளைங்களுக்குத்தான் முன்னுரிமை. கணக்கு படிச்சிருக்கிறதால ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சொன்னேன். சேலம் அரசு கலைக் கல்லூரியில பி.எஸ்சி. புள்ளியியல் இருக்கு, டிஎன்பிஎஸ்சியில உதவி புள்ளியியல் ஆய்வாளர் வேலைக்கு எடுப்பாங்க, யுபிஎஸ்சியில இந்தியப் புள்ளியியல் பணின்னே தனியா ஒரு பரீட்சை இருக்கு, புதுமைப்பெண்ல மாசம் ஆயிரம் ரூபா வரும். இதையெல்லாம் சொன்னேன், ஆனா இந்தத் தடவ சுருக்கமா சொல்லிட்டு வாய மூடிக்கிட்டேன்.

அரசு கலைக் கல்லூரி அட்மிஷன் முன்னாடியே முடிஞ்சிரும், ஜூன்லயே சேலத்துல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சீட் வந்துருச்சு. இஞ்சினியரிங் அதுக்கு அப்புறம்தான். அப்பா அதையும் போட்டு வைங்க சார்னு சொன்னதால போட்டு வச்சோம், ஒரு தனியார் காலேஜ்ல சிவில் வந்துச்சு, ஹாஸ்டலோட இலவசம். உண்மையச் சொல்லணும்னா எனக்கே ஆசைதான், தொழிற்கல்விக்கு எத்தன பேரு போனாங்கன்னு மாவட்டத்துல லிஸ்ட் கேப்பாங்க, அதுல ஒரு பேரு கூடும். அவங்கப்பா சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. "செலவே இல்லாம இஞ்சினியராக்கறேங்கறாங்க, அத வேண்டாங்கறதாங்க சார்?" நான் பதில் சொல்லல, எங்கிட்ட பதில் இல்ல. கன்பர்ம் பண்ண ரெண்டு நாள்தான் டைம், ரெண்டாவது நாள் சாயங்காலம் பிரௌசிங் சென்டர்ல வேண்டாம்னு அந்தப் பொண்ணே கிளிக் பண்ணுச்சு. ஓடிபி அப்பா போன்லதான், அவரு ஒவ்வொரு நம்பரா வாசிச்சாரு, கடைசி நம்பருக்கு முன்னாடி மட்டும் கொஞ்சம் நிறுத்தினாரு.

அது சரியா தப்பான்னு இப்பவும் எனக்கு அடிச்சு சொல்லத் தெரியல. சிவில் போயிருந்தா வேற மாதிரி நல்லா வந்திருக்கலாம். காலேஜுல மொத செமஸ்டர்ல இங்கிலீஷ்ல நடத்துறது புரியலன்னு அழுதுட்டு போன் பண்ணுச்சு, அன்னைக்கு நைட்டு எனக்கும் தூக்கம் இல்ல.

போன மே மாசம் ஸ்கூலுக்கு எதோ சர்டிபிகேட் வாங்க வந்துச்சு. எம் மேசைக்கு முன்னாடி நாலு பசங்க, நோட்டுல நான் மும்முரமா காலேஜ் கோடு எழுதிட்டு இருக்கேன். பின்னாடி நின்னு எட்டிப் பாத்துட்டு, "சார், 2615 மெக்கானிக்கல் அஞ்சாவதுலயும் இருக்குதுங்க, பதினொண்ணுலயும் இருக்குதுங்க"ன்னுச்சு.

பாத்தேன். இருந்துச்சு.